தகடூரை அளக்க டிராய் எதற்கு?

தமிழின் பழம்பாடல்களில் உயர்ந்தவை எவையோ அவை யவனரோடு, அதாவது கிரேக்க ரோமானியரோடு, நாம் கொண்ட உறவினால் விளைந்தவை. அவ்வாறு விளையாதவையும், ஹோமரையும் வர்ஜிலையும் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றனவோ அந்த அளவுக்கே உலக இலக்கியம் என்னும் பெயருக்கு உரியவை. இந்த அபிப்பிராயம் கல்லூரி வகுப்புகளிலும், இலக்கிய மேடைகளிலும், நூல்களின் முன்னுரைகளிலும் எவ்வித விசாரணையுமின்றி உலவி வருகிறது. இதனைச் சொல்பவர்கள் தமிழை இகழும் நோக்கமுடையவர்கள் அல்லர். பெரும்பாலோர் தமிழைப் புகழ்வதாகவே எண்ணிச் சொல்கிறார்கள். அதனாலேயே இதனை மறுப்பது அவசியமாகிறது. பகைவன் கூறும் பழியை ஒரு நாடு எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். அன்பன் கூறும் பிழையோ தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிடும்.

இம்மறுப்பை ஏற்காட்டிலிருந்து எழுதுவதற்கும் காரணம் உண்டு. சேர்வராயன் மலைக்கு வடக்கே இருப்பது தருமபுரி, அதாவது அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர். தெற்கே இருப்பது வல்வில் ஓரியின் கொல்லிமலை. பழந்தமிழ் வீரப்பாடல்களுள் பல எந்த நிலத்தில் நின்று பேசுகின்றனவோ அந்த நிலத்தின் நடுவே இம்மலை நிற்கிறது. ஆனால் 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிப் பயிரை இங்குக் கொண்டுவந்த காலம் முதல், மேனாட்டார் வாழ்வும் மேனாட்டுக் கல்வியும் இம்மலையில் வேரூன்றின. அதன் பயனாக, டிராய் நகரத்து மரக்குதிரையை நன்கறிந்த மாணவர்கள், தம் மலைக்கு வடக்கே ஒரு கோட்டை முற்றுகையிடப்பட்டதையும், அதனைப் புலவர்கள் இரு பாசறைகளிலும் இருந்து பாடியதையும் அறியாதவர்களாய் வளர்கிறார்கள். அறிந்தவர்களோ, "தகடூர் தமிழரின் டிராய், ஓரி தமிழரின் ஒடிசியஸ், கொல்லிப்பாவை தமிழரின் சைரன்" என்று சொல்லி, அதற்குமேல் ஆராய வேண்டுவதில்லை என்று அமைகிறார்கள்.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துரைப்பதே நியாயம். அவர்கள் கூறும் ஆதாரங்கள் மூன்று. முதலாவது, தொடர்பு. யவனக் கப்பல்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூறு சொல்கிறது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இலும் அதற்குப் பின்னரும் ரோமானிய நாணயக் குவியல்கள் கிடைத்தன. 1945-இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்து மத்தியதரைக் கடல் நாட்டுப் பாண்டங்களை வெளிக்கொணர்ந்தார். இரண்டாவது, சாட்சியம். ஹோமரின் பாடல்களை இந்தியர் தம் மொழியில் பெயர்த்துப் பாடுகின்றனர் என்று டியோ கிரிசோஸ்டம் என்னும் கிரேக்க நாவலர் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே கூறியிருக்கிறார். மூன்றாவது, ஒப்புமை. வீரனின் புகழ், முற்றுகை, வில்லாண்மை, ஆயர் குழலோசை என்னும் இவை இரு இலக்கியங்களிலும் காணப்படுகின்றன. இம்மூன்றும் சேர்ந்தால் கடன் என்பது நிரூபணமாகும் என்பது அவர்கள் துணிபு. ஆகாது என்பதே என் துணிபு.

1. சந்தையில் சந்தித்தவர்கள் எல்லாரும் சாகித்தியத்தைப் பரிமாறிக்கொண்டார்களா? கடலோடிய வணிகர் என்ன எழுதினார்கள் என்பதற்குச் சான்றுகள் நம் கையில் இருக்கின்றன. பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல் துறைமுகங்களையும், அங்கே விற்பவற்றையும் வாங்குபவற்றையும், காற்றடிக்கும் பருவத்தையும் சொல்கிறது. நம் நாட்டுப் பாட்டொன்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரஸ், ஹெர்மபோலோன் என்னும் கப்பலில் வந்த தந்தமும் துணியும் நறுமணப் பொருளும் என்ன விலைபெறும் என்று கணக்கிடுகிறது. ரோமாபுரியின் பிளினி, இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போகின்றதே என்று வருந்துகிறார். செங்கடற்கரையின் குசைர் அல்-கதிமில் கிடைத்த பானையோட்டில் ஒரு தமிழன் தமிழ் எழுத்தால் பொறித்தது பானை உறி என்னும் பொருட்பெயரை. இருபுறமும் எழுதப்பட்டவை சரக்கின் கணக்கும் உடைமையின் பெயருமே. மிளகு போயிற்று, பொன் வந்தது, மது வந்தது, பாவை விளக்கு வந்தது. இவற்றையெல்லாம் நம் புலவர்கள் ஒளிக்காமல் பெயர்சொல்லிப் பாடினார்கள். பாட்டு வந்திருந்தால் அதனை மட்டும் ஏன் மறைத்திருக்க வேண்டும்?

டியோவின் கூற்றோ, தாமே கண்டு எழுதியதன்று. கேள்வி வழியாக வந்த செய்தி. ஹோமரின் ஒரு வரியேனும், ஓர் உபகதையேனும், அகிலீஸின் பெயரேனும் எந்தப் பழைய இந்திய மொழி நூலிலும் இதுகாறும் கண்டெடுக்கப்படவில்லை. இந்தியரிடம் பெரியதொரு போர்க்காவியம் உண்டு என்று கேள்வியுற்ற கிரேக்கர், போர்க்காவியம் என்றாலே அது ஹோமருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதியிருப்பர் என்பதே அறிஞர் பலர் கொண்ட கருத்து. இன்று தகடூரைக் கண்டவுடன் டிராய் என்பவர் செய்யும் பிழை, இவ்வளவு பழமையானது.

2. செல்வாக்கு மெய்யாகவே நிகழ்ந்த இடத்தில் அதன் சுவடு எவ்வாறு இருக்கும்? காந்தாரச் சிற்பங்களை நோக்குக: புத்தரின் ஆடை மடிப்பு கிரேக்கச் சிலையின் மடிப்பு, தூண்தலையில் கொரிந்திய இலைவேலைப்பாடு. 'யவன ஜாதகம்' என்னும் வடமொழிச் சோதிட நூலை நோக்குக: கிரேக்கக் கலைச்சொற்கள் வடிவம் திரிந்து அதிலே நிற்கின்றன, நூலின் பெயரே கடனை ஒப்புக்கொள்கிறது. செல்வாக்கு என்பது இவ்வாறு பாதையும், ஏந்தி வந்தவரும், சுவடும் ஆகிய மூன்றையும் விட்டுச் செல்வது. இம்மூன்றும் காட்டப்படாதவிடத்து அனுமானம் உண்டே தவிரப் பிரமாணம் இல்லை.

வடமொழி நாடகத்திற்கும் இதே வழக்கு ஒருகாலத்தில் நடந்தது. அது கிரேக்க நாடகத்திலிருந்து பிறந்தது என்று அறிஞர் வீபரும், 1882-இல் விண்டிஷும் வாதித்தனர். 1890-இல் சில்வேன் லெவி அவ்வாதத்தைப் படிப்படியாக எடுத்து மறுத்தார். உள்ளபடியே நாடக உலகில் நமக்குக் கிடைக்கும் தெளிவான சான்று எதிர்த்திசையில் நிற்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்து 1903-இல் வெளியான சேரிஷன் என்னும் கிரேக்க நகைநாடகத்தின் களம் இந்தியக் கடற்கரை. அதில் வரும் அயல்மொழிப் பேச்சைக் கன்னடம் என்று ஹுல்ட்ஷ் கருதினார். அக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியது. மொழி எதுவாயினும், நம் கரையைத் தம் மேடைக்கு எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள் என்பதில் விவாதமில்லை. இதனைக் கொண்டு கிரேக்க நாடகம் இந்தியாவிலிருந்து பிறந்தது என்று நாம் கூறினால் அது எவ்வளவு பேதைமையோ, அவ்வளவு பேதைமையே மறுதலையான கூற்றும்.

3. ஒத்திருப்பதெல்லாம் கடன் என்றால், உலகில் கடன்படாத ஜாதி எது? இவ்வினாவுக்கு ஏற்காட்டு மண்ணிலேயே விடை இருக்கிறது. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912-இல் மறைந்த அவருடைய சாம்பல் இங்குள்ள தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் கண்டெடுக்கப்பட்ட கற்கருவிகளைப் பற்றிய அறிவே பல்லாவரத்துக் கல்லை மனிதன் செதுக்கிய கருவி என்று அவர் அறிய உதவியது. அவ்வொப்புமையைக் கொண்டு, பல்லாவரத்து மனிதன் தன் கோடரியைப் பிரான்சு தேசத்தானிடம் கற்றான் என்று எவரேனும் சொல்வதுண்டா? ஒரே தேவை, ஒரே தன்மையுடைய கல், ஒரே வகையான கை. அவற்றிலிருந்து ஒரே வடிவம் பிறந்தது. கல்லுக்கு நாம் வழங்கும் இந்நியாயத்தைச் சொல்லுக்கு வழங்க மறுப்பது ஏன்?

சேர்வராயன் மலையாளி மக்களின் தோற்றக் கதையையும் எண்ணிப் பார்க்கலாம். காஞ்சிபுரத்தை விட்டு நீங்கிய கரிராமன் என்னும் தெய்வத்தைப் பின்தொடர்ந்து மூன்று சகோதரர் குடும்பத்தோடு புறப்பட்டனர் என்றும், மூத்தவர் சேர்வராயனில் தங்க ஏனையோர் வேறு மலைகளுக்குச் சென்றனர் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தம் தெய்வங்களோடு டிராயை நீங்கி இத்தாலியை அடைந்த ஈனியாஸின் கதையோடு இது ஒக்கும். அதனால் இம்மலைவாழ் மக்கள் வர்ஜிலை வாசித்தார்கள் என்று ஆகுமா? ஊர்விட்டு ஊர் வந்த சனங்கள் எங்கிருந்தாலும், தாம் தெய்வத்தோடு வந்தோம் என்றே சொல்லிக்கொள்வர். அது மனித சமுதாயத்தின் பொதுச் சொத்து; எந்த ஒரு தேசத்தின் ஏற்றுமதியும் அன்று.

4. மேற்பரப்பை விட்டு உள்ளமைப்புக்கு வருவோமா? அங்கே வேறுபாடு மலைபோல் நிற்கிறது. ஒரே அம்பினால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வீழ்த்தும் வேட்டுவனாக ஓரியைப் புறநானூறு காட்டுகிறது. பன்னிரண்டு கோடரிகளின் ஊடே அம்பு செலுத்திய ஒடிசியஸை அது நினைவூட்டலாம். ஆனால் ஒடிசியஸின் வில், மனைவியையும் மனையையும் மீட்பதற்காகப் பகைவரைக் கொல்கிறது. ஓரியின் வில் கொன்றவற்றின் ஊன், வழியில் சந்தித்த பாணர் கூட்டத்துக்கு விருந்தாகிறது. அதன்மேல் பொன்னும் மணியும் பரிசிலாகின்றன. தன் பெயர் பாடப்படுவதைக் கேட்டு அவன் நாணுகிறான். முன்னதன் மையம் மீட்சி. பின்னதன் மையம் கொடை.

தகடூரும் அப்படியே. அங்கே கவர்ந்து செல்லப்பட்ட பெண் இல்லை. பக்கம் பிரிந்து போரிடும் தேவர் இல்லை. மாறாக, கிரேக்கப் போர்க்காவியத்தில் காண முடியாத ஒன்று இருக்கிறது: புலவர் தாமே போரின் நடுவே நிற்கிறார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அத்தொண்டைமானுடைய படைக்கலங்கள் நெய் பூசி அணிசெய்யப்பட்டு மனையில் இருக்கின்றன என்றும், அதியமானுடைய வேல்களோ நுனி முரிந்து கொல்லன் கூடத்தில் கிடக்கின்றன என்றும் கூறி, ஓய்வின் அழகைப் பழியாகவும் தேய்வைப் புகழாகவும் மாற்றிக் காட்டினார். தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அரிசில்கிழார், அரசு கட்டிலையே பரிசிலாகக் கொடுத்தபோதும் அதனை ஏலாது அமைச்சுப் பூண்டார் என்று பதிற்றுப்பத்துப் பதிகம் கூறுகிறது. ஹோமரைப் பற்றி நாம் அறிவது அவர் பெயர் மட்டுமே. ஔவையோ தூதுவர், தோழி, தன் தலைவன் மார்பில் தைத்த வேலுக்காக அழுதவர். இது வேறொரு உலகம்.

அகத்திணையில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. காதலரைப் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் விதித்த நெறி. கவிஞன் தன்னை மறைத்துக்கொண்டு தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் பேசுகிறான். ரோமானியக் காதற்பாடலிலோ கட்டல்லஸ் லெஸ்பியாவையும், புரோபர்ஷியஸ் சிந்தியாவையும் அழைத்துத் தம் சொந்த வேதனையைத் தாமே சொல்கின்றனர். கிரேக்கக் கவிஞர் தியாக்ரிட்டஸ் அலெக்சாந்திரியாவோடு தொடர்புடையவர், நம் வணிகமும் அலெக்சாந்திரியாவோடு நடந்தது, ஆகையால் முல்லைத் திணை அவருடைய ஆயர் பாடலின் சாயல் என்பது எதிர்க்கட்சியின் மிகக் கூர்மையான வாதம். ஆனால் அவருடைய ஆயர்கள் தாமே பாடல் போட்டி நடத்துபவர்கள். முல்லையில் ஆயர் பின்புலம் மட்டுமே, அங்கே பேசப்படுவது போர்க்களம் சென்ற தலைவனுக்காகக் கார்காலத்தில் ஆற்றியிருக்கும் தலைவியின் நெஞ்சம். இதற்கு 'முல்லைப்பாட்டு' ஒன்றே போதிய சாட்சி. அதனைப் பாடிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனாரின் மகன். யவனரை அண்மையில் கண்டறியும் வாய்ப்பு அவரினும் மிகுதியாக யாருக்கு இருந்திருக்கும்? அவர் யவனரைத் தம் பாட்டில் வைத்தார், அரசன் பாசறையில் காவல் புரியும் வீரராக. பாட்டின் யாப்பையும், திணையையும், காத்திருக்கும் பெண்ணின் மனத்தையும் தம் முன்னோரிடமிருந்தே பெற்றார். தொடர்பு மிக நெருங்கிய இடத்திலேயே கடன் காணப்படவில்லையானால், வேறு எங்கே காணப்படும்?

5. கடன் இல்லாவிட்டாலும் அளவுகோலாகக் கொள்வதில் தீங்கு என்ன என்கிறீர்களா? தீங்கு பெரிது. அரிஸ்டாட்டில் வகுத்த துன்பியல் நாடக இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்தின்மேல் வைத்தவுடன், கோவலனின் பிழையும் வீழ்ச்சியும் காவியத்தின் உச்சமாகின்றன. மதுரை எரிந்தவுடன் கதை முடிந்துவிடுகிறது. அதன்பின் வரும் வஞ்சிக் காண்டம் மிகையாகத் தோன்றுகிறது. ஆனால் இளங்கோவின் காவியம் சென்று சேரும் இடமே அதுதான்: குன்றக் குரவர் கண்டு சொன்னதும், செங்குட்டுவன் இமயக் கல் கொணர்ந்ததும், ஒரு வணிகப் பெண் தெய்வமாக நிலைபெற்றதும் இல்லையேல், உரைசால் பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர் என்னும் அந்நூலின் உண்மைகளுள் ஒன்று நிறைவுறாது. அயல் அளவுகோல் காவியத்தின் மூன்று காண்டங்களுள் ஒன்றை வெட்டிவிட்டு, எஞ்சியதைப் புகழ்கிறது. இவ்வாறே புறநானூற்றுத் தனிப்பாடல்களைக் கண்டு, தொலைந்துபோன பெருங்காவியத்தின் துணுக்குகள் என்று இரங்குவாரும் உளர். தனிப்பாடலே ஒரு நாட்டின் முழுமையான கலைவடிவமாக இருக்கலாம் என்பது, ஹோமரின் இலியத்தை ஆதியென வைத்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமரோடும் வர்ஜிலோடும் மில்டனோடும் நிறுத்தி, அவர்களினும் மேம்பட்டவன் என்று முழங்கினார். அவருடைய புலமையும் தேசபக்தியும் வணக்கத்திற்குரியவை. அடிமைப்பட்ட நாட்டில், ஆள்வோரின் மொழியிலேயே நம் பெருமையை நிலைநாட்ட அவ்வழி அன்று தேவைப்பட்டது. விடுதலை பெற்ற நாடும் அதே வழக்குமன்றத்தில் நின்று அதே சான்றிதழைக் கேட்டுக்கொண்டிருப்பது தகாது. மேம்பட்டவன் என்ற தீர்ப்பும் அயலான் கோலால் அளந்த தீர்ப்பாகவே இருக்கும்.

6. அப்படியானால் கிரேக்க ரோமானியச் செல்வாக்குத் தமிழுக்கு வரவேயில்லையா? வந்தது, வந்த காலமும் வழியும் தெரிகின்றன, அவற்றைத்தான் இந்தப் பொய்க்கூற்று மறைத்துவிடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இலத்தீன் இலக்கியத்தில் தோய்ந்தவர். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் தந்தவர். 1726-இல் தேம்பாவணியை இயற்றியவர். அவரும்கூட நாட்டுப் படலம் நகரப் படலம் என்று, சிந்தாமணியும் கம்பனும் காட்டிய நெறியில்தான் தம் காவியத்தை அமைத்தார். 1891-இல் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயமும், 1897-இல் பரிதிமாற் கலைஞரின் நாடகவியலும் மேனாட்டு நாடகக் கொள்கையை ஆங்கிலத்தின் வழியே தமிழுக்குக் கொணர்ந்தன. இவற்றில் பாதை தெரிகிறது, ஏந்தி வந்தவர் தெரிகிறார், சுவடும் தெரிகிறது. இவற்றை நன்றியோடு ஏற்கிறோம். மெய்யான கடனை ஆராய வேண்டிய நேரத்தைப் பொய்யான கடனைத் தேடிச் செலவழிப்பது, கொடுத்தவருக்கும் செய்யும் அநீதி.

இங்கே ஒரு மறுவினா எழும்: ஒப்பிட்டு ஆராய்வதே கூடாது என்கிறீரோ? இல்லை. தனிநாயக அடிகள் பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை இடம்பெறும் முறையைக் கிரேக்க, இலத்தீன் பாட்டுகளோடு ஒப்பிட்டார். ஒப்பிட்டதன் பயனாகத் திணைக் கொள்கையின் தனித்தன்மையே துலங்கியது. க. கைலாசபதி 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட தம் நூலில் தமிழ் வீரப்பாடலைக் கிரேக்க வீரப்பாடலோடு இணைத்து ஆராய்ந்தார். ஒத்த சமுதாய நிலையிலிருந்து ஒத்த பாட்டு எழும் என்பது அவர் கண்ட விளக்கம். ஒப்பீடு என்பது இரண்டையும் விளங்கச் செய்வது. ஒன்றை மற்றொன்றின் நிழலாக்குவது அன்று. உலகின் அறிவெல்லாம் தமிழரிடமிருந்தே சென்றது என்று முழங்குவோருக்கும் இதே விதி பொருந்தும்; திசையை மாற்றிக்கொண்டதால் பிழை நியாயமாகிவிடாது.

அசோகனின் இரண்டாம் பாறைச் சாசனம் சோழரையும் பாண்டியரையும் சத்தியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் சொல்லி, அதே மூச்சில் அந்தியோகன் என்னும் யவன அரசனையும் சொல்கிறது. அச்சத்தியபுத்திரர் அதியமான் குலத்தினரே என்பதை 1981-இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு உறுதி செய்தது. 2,200 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட இருவருள், ஒருவரை மற்றவரின் மாணவராக்கும் உரிமையை நமக்கு யார் தந்தார்? ஏற்காட்டு வகுப்பறைகளில் இலியத்து கற்பிக்கப்படட்டும். அது மனித குலத்தின் மகத்தான செல்வங்களுள் ஒன்று. அதற்கு முன்னதாக ஔவையும் அரிசில்கிழாரும் பாடிய தகடூர், அதற்குரிய திணையோடும் துறையோடும் கற்பிக்கப்படட்டும். கடன் என்று சொல்பவர் பாதையையும், ஏந்தி வந்தவரையும், சுவட்டையும் காட்டட்டும். காட்டும்வரை அச்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதே ஆராய்ச்சியாளருக்குரிய அறம்.